கட்டம் போட்டால் முகவரி ஆகிவிடாது

2025 மே 27 அன்று அஞ்சல் துறை ‘டிஜிபின்’ முறையை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் செய்தித் தலைப்புகளும் யூடியூப் சேனல்களும் ஒரே சேதியைத் திரும்பத் திரும்பச் சொல்லின: பின்கோடுக்கு விடைகொடுங்கள், இனி உங்கள் வீட்டுக்குப் பத்து எழுத்தில் முகவரி. பேச்சு அதோடு நிற்கவில்லை. தெருப் பெயர் எதற்கு, கதவு எண் எதற்கு, ‘பிள்ளையார் கோயில் எதிரில்’ என்று எழுதுவது எதற்கு என்று அது வளர்ந்தது. செயற்கைக்கோளே வீட்டைக் காட்டிவிடும்போது தெருவை அறிந்த தபால்காரர் எதற்கு, நாடு முழுக்க ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் எதற்கு என்ற கேள்வியில் வந்து முடிந்தது. படித்தவர்கள் பலர் இதை ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயமாகவே பேசுகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. புதிய அஞ்சல் சேவைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதையே இது தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இந்தப் புரிதலின் மேல் கொள்கை எழுமானால், அதற்கான விலையை முதலில் கொடுக்கப்போகிறவர்கள் விலாசம் சரியாக இல்லாத ஏழைகள்.

டிஜிபின் என்ன என்பதை முதலில் நேராகப் பார்த்துவிடலாம். ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து அஞ்சல் துறை இதை உருவாக்கியது. அட்சரேகை 2.5 முதல் 38.5 டிகிரி வரை, தீர்க்கரேகை 63.5 முதல் 99.5 டிகிரி வரை ஒரு பெரிய சதுரம் போடுகிறார்கள். இந்திய நிலமும் நம் கடற்பரப்பும் அதற்குள் வந்துவிடுகின்றன. அந்தச் சதுரத்தை நான்குக்கு நான்கு எனப் பதினாறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி தருகிறார்கள். அந்தக் கட்டத்தை மறுபடி பதினாறாக்கி இன்னொரு குறி. இப்படிப் பத்து முறை பிரித்தால், ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள கட்டம் கிடைக்கிறது. மொத்தத்தில் ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான கட்டங்கள். நிரல் பொதுவில் கிடைக்கிறது, இணையம் இல்லாமலும் கணக்கிட முடியும், யாருடைய தனிப்பட்ட விவரமும் அதில் இல்லை. வயல் நடுவே இருக்கும் மோட்டார் கொட்டகைக்கும் கடல் நடுவே இருக்கும் எண்ணெய்த் துரப்பண மேடைக்கும் ஒரு அடையாளம் கிடைத்துவிடுகிறது. பாதை மாறிய ஆம்புலன்ஸுக்கு இது உதவும். நல்ல கருவி, நல்ல உழைப்பு. இதில் எனக்குப் பிணக்கு ஏதுமில்லை.

பிணக்கு, இதை முகவரி என்று அழைப்பதில்தான். டிஜிபின்னில் புதிய தகவல் எதுவுமே கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களை மனிதர்கள் எழுதவும் சொல்லவும் தோதாகச் சுருக்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வீடு இருக்கிறதா, குளம் இருக்கிறதா, வாசல் எந்தத் தெருப் பக்கம் திறக்கிறது, உள்ளே எத்தனை குடித்தனம், போன மாதம் யார் காலி செய்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து எழுத்துக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை.

துல்லியம் என்ற பெருமையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் உள்ள சாதாரண செல்போன், மேலே மறைப்பில்லாத திறந்த வெளியில், ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள்தான் இடத்தைக் காட்டும். கட்டிடங்களும் மரங்களும் நெருங்கினால் அது இன்னும் மோசமாகும். திருவல்லிக்கேணியின் சந்து ஒன்றில் நின்றுகொண்டு போனை எடுத்தால், அது காட்டும் கட்டம் உங்கள் வீடாகவும் இருக்கலாம், எதிர்வீடாகவும் இருக்கலாம், நடுவில் ஓடும் சாக்கடையாகவும் இருக்கலாம். அளக்கும் கருவியின் பிழையைவிடக் கட்டம் சிறியது என்பதை யாரும் தலைப்பில் போடவில்லை. ஓரளவு பெரிய வீடு பல கட்டங்களில் பரவிக் கிடக்கும். அவற்றுள் எது அந்த வீட்டின் குறியீடு? வாசல்படியா, கூடமா, கொல்லையா? அதை ஒரு மனிதர்தான் முடிவு செய்து எங்காவது பதிந்துவைக்க வேண்டும்.

அடுக்குமாடிக்கு வாருங்கள். டிஜிபின்னில் உயரம் கிடையாது. சென்னை நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் மாடிமேல் மாடியாக வாழ்கின்றன. தரைத்தளத்து வீடும் அதற்கு நேர்மேலே உச்சியில் உள்ள வீடும் ஒரே பத்து எழுத்துதான். பிளாக் எண், தளம், கதவு எண் மூன்றும் சேர்ந்தால்தான் அங்கே ஒரு ஓய்வூதியத் தாள் உரியவர் கைக்குப் போகும். கதவு எண்ணே வேண்டாம் என்கிறவர்கள் இந்த மாடிப்படிகளில் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும்.

முகவரி என்பது ஒரு பதிவேட்டு விஷயம். ஊரும் உள்ளாட்சியும் தபால்காரரும் குடியிருப்பவரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்த ஒன்று. அந்தப் பதிவேடு சரியில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. கதவு எண்களை மாநகராட்சி மாற்றி எத்தனையோ வருடமாகியும், இன்றுவரை பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் பழைய எண்ணை மட்டும் எழுதினால், அதே எண்ணைப் புதிய எண்ணாகக் கொண்ட வேறொரு வீட்டுக்குக் கடிதம் போகிறது. 2025 அக்டோபரில் தமிழக அரசு தெருப் பெயர்களிலும் குடியிருப்புப் பெயர்களிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசாணை போட்டது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பழைய பெயர் எது, புதிய பெயர் எது, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றையும் சேர்த்து வைத்திருக்கும் பொதுவான தரவு இல்லாவிட்டால், ஆதாரில் ஒரு பெயர், மின்கட்டண ரசீதில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று அலைவது அந்தத் தெருவின் மக்கள்தான். இந்தச் சிக்கலைக் கட்டம் தொடவே தொடாது. தரப்படுத்திய தரவு தொடும்.

டிஜிபின் அறிவிப்புக்கு முந்தைய நாள், 2025 மே 26 அன்று, ஜப்பான் அஞ்சல் நிறுவனம் ‘டிஜிட்டல் முகவரி’ என்ற சேவையைத் தொடங்கியது. அதுவும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுதான், ஏழு எழுத்து. ஆனால் அது நிலத்துக்குப் போட்ட கட்டம் இல்லை. நீங்கள் பதிவு செய்த முழு முகவரிக்கான சாவி அது. அந்த ஏழு எழுத்தைக் கொடுத்தால், ஊர், தெரு, கட்டிடம், அறை எண் வரை படிவத்தில் நிரம்பிவிடும். வீடு மாறினால் பதிவில் முகவரியை மாற்றினால் போதும், குறியீடு அப்படியே தொடரும். இதைச் செய்ய அவர்களால் எப்படி முடிந்தது? 1968இல் அஞ்சல் எண்ணைக் கொண்டுவந்தார்கள். 1998இல் அதை ஏழு இலக்கமாக்கி, ஏறத்தாழ ஊர்ப்பகுதி அளவுக்கு நுணுக்கினார்கள். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் ஒழுங்காகப் பேணிய பதிவேட்டின் மேல் ஒரு புதிய சேவை எழுந்தது. குறியீடு கடைசியில்தான் வந்தது.

அயர்லாந்தையும் சொல்ல வேண்டும். அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தனி முகவரியே இல்லாமல் இருந்தது. ஒரே கிராமப் பகுதியின் பெயரைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டன. யார் வீடு எது என்பது உள்ளூர் தபால்காரரின் நினைவில்தான் இருந்தது. 2015இல் ‘ஏர்கோடு’ வந்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும், அடுக்குமாடியில் ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனிக் குறியீடு கொடுத்தார்கள். பக்கத்து வீடுகளின் குறியீடுகள் வரிசையாக இல்லை, தரவுத்தளத்துக்கு வணிக உரிமம் வாங்க வேண்டும் என்று அதற்கும் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் அடிப்படை முடிவு சரியானது: எண்ண வேண்டியது வீடுகளை, சதுர மீட்டர்களை அல்ல.

நம் பின்கோடே இதற்குப் பழைய உதாரணம். 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர், மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கூடுதல் செயலர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்பட்ட விலாசங்கள், பிரிப்பகத்தில் தடுமாறும் ஊழியர்கள் என்ற உண்மையான பிரச்சினையிலிருந்து அது பிறந்தது. முதல் இலக்கம் மண்டலம் (6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு), முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகம். அதாவது அந்த ஆறு இலக்கத்தின் முடிவில் ஒரு அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் பீட் பிரித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பும் ஆட்கள் இருக்கிறார்கள். பின்னால் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இணைய வணிகமும் ‘உங்கள் பின்கோடைப் போடுங்கள்’ என்று அதன் மேலேயே தங்கள் தொழிலைக் கட்டிக்கொண்டன. அந்த எண்ணுக்கு மதிப்பு வந்தது அது எண் என்பதால் இல்லை. அதன் பின்னே ஒரு பொது நிறுவனம் பொறுப்பேற்று நின்றது.

“இதையெல்லாம் தனியார் செயலிகள் ஏற்கெனவே செய்துவிட்டனவே” என்பது அடுத்த வாதம். என்ன செய்திருக்கின்றன? மேப் கையில் இருந்தும், பொருள் கொண்டுவரும் இளைஞர் தெருமுனையில் நின்று “அண்ணா, எந்தப் பக்கம் வரணும்?” என்று போன் செய்கிறார். நாம் வழி சொல்கிறோம். அவர் கற்றுக்கொண்டது அவருடைய நிறுவனத்தின் சர்வரில் தங்கினால் உண்டு. மறுநாள் வேறொரு நிறுவனத்திலிருந்து வருபவர் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். ஒரே தெருவைப் பத்து நிறுவனங்கள் தனித்தனியாகக் கற்றுக்கொள்கின்றன, அந்தச் செலவெல்லாம் நம் தலையில்தான் விடிகிறது. லாபமில்லாத தெருவை யாரும் கற்றுக்கொள்வதே இல்லை.

தரவைக் கைநழுவவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் இருக்கிறது. 2013இல் ராயல் மெயிலைத் தனியார்மயமாக்கியபோது, நாட்டின் முகவரிக் கோப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் குழு ஒன்று அது தவறு என்று அறிக்கை கொடுத்தது. டென்மார்க்கோ 2002இலேயே முகவரித் தரவைக் கட்டணமின்றிப் பொதுவில் திறந்துவிட்டது. அந்த நாட்டின் அரசு அஞ்சல் நிறுவனம் கடிதப் பட்டுவாடாவை 2025 இறுதியில் நிறுத்திவிட்டது என்பதும் உண்மை, அதையும் மறைக்க வேண்டியதில்லை. கடிதம் குறைந்துபோன பின்னும் முகவரித் தரவு அங்கே ஆம்புலன்ஸுக்கும் வழிகாட்டிக் கருவிகளுக்கும் உள்ளாட்சிக்கும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. பதிவேட்டின் ஆயுள் கடிதத்தின் ஆயுளைவிடப் பெரியது.

தரப்படுத்திய தரவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளிநாட்டுப் பார்சல். அதன்மேல் ஒட்டும் 13 எழுத்துச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று நாட்டின் குறி. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்காக. முதல் எட்டு இலக்கங்களை 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து அதைப் பெறுகிறார்கள். ஒரு இலக்கம் தவறினாலும் பெரும்பாலும் கணினி பிடித்துவிடும். 1874இல் பெர்னில் உருவாகி, இன்று 192 நாடுகளை உறுப்பாகக் கொண்ட உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த தரம் இது. அதனால்தான் மதுரையில் பதிந்த பொட்டலத்தை டொரண்டோவிலும் ஸ்கேன் செய்து அடையாளம் காண முடிகிறது. 2021 தொடக்கம் முதல், பொருள் அடங்கிய வெளிநாட்டு அஞ்சல் ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன இருக்கிறது, எடை என்ன, மதிப்பு என்ன, யாருக்குப் போகிறது என்ற விவரங்கள் பொட்டலத்துக்கு முன்பே மின்னணு வடிவில் போய்ச் சேர வேண்டும் என்றானது.

இந்தத் தரவின் வலிமை 2025இல் வெளிப்படையாகத் தெரிந்தது. 800 டாலருக்குட்பட்ட பொருட்களுக்கு இருந்த வரிவிலக்கை ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது, எந்தத் தரவோடு எப்படிக் கட்டுவது என்பதில் தெளிவில்லை. விமான நிறுவனங்கள் ஏற்ற மறுத்தன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே பார்சல்களை நிறுத்தியது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்குப்படி அமெரிக்காவுக்கான அஞ்சல் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சேவையை நிறுத்தின. மீண்டது எப்படி? பதிவு செய்யும் இடத்திலேயே வரியைக் கணக்கிட்டு வாங்கிவிடும் புதிய சேவை வந்தது. ஏற்கெனவே எல்லோரும் ஒரே வடிவில் அனுப்பிவந்த சுங்கத் தரவு இருந்ததால்தான் அதைச் சில வாரங்களில் கட்டியெழுப்ப முடிந்தது. அக்டோபர் 15 அன்று இந்தியாவிலிருந்து சேவை மறுபடி தொடங்கியது.

இந்த வரலாற்றில் செயற்கைக்கோள் கட்டத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை இருந்தது கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு. காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் பட்டுச்சேலையை அமெரிக்காவுக்கு அனுப்ப வருகிறார். சேலை தைக்காத துணி என்பதால் சுங்கப் பட்டியலில் ஆடைப் பிரிவில் வராது. பட்டுத் துணிக்கான 5007 என்ற தலைப்பின் கீழ் வரும். இதை நெசவாளர் எங்கே போய்ப் படிப்பார்? சிறு ஏற்றுமதியாளர்களுக்காக நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் ஊழியர் சரியான குறியீட்டைப் போட்டால் பொட்டலம் போகும். ‘துணி’, ‘பரிசுப் பொருள்’ என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வரும். சுங்கம் கேட்கும் மொழியில் நெசவாளரின் சரக்கை எழுதிக் கொடுக்கும் அந்த வேலைதான் சேவை. தரவுத் தரம் அந்த வேலையைச் சாத்தியமாக்குகிறது, ஆளை அப்புறப்படுத்துவதில்லை.

உள்ளூரிலும் அப்படியே. 2020 முதல் தபால்காரர்கள் ஓய்வூதியர்களின் வீட்டுக்கே போய் விரல்ரேகை வாங்கி டிஜிட்டல் வாழ்நாள் சான்று எடுத்துக் கொடுக்கிறார்கள். நடக்க முடியாத ஒரு பெரியவரின் வாசலுக்கு வங்கி வந்தது இப்படித்தான். ஆதார் என்ற தரப்படுத்திய அடையாளமும், அந்த வீட்டை அறிந்த ஒரு மனிதரும் சேர்ந்ததால் அது நடந்தது. இரண்டில் எதை நீக்கினாலும் நடக்காது.

இப்போது ‘துருவா’ என்ற பெயரில் தேசிய டிஜிட்டல் முகவரிக் கொள்கையை மத்திய அரசு முன்வைத்திருக்கிறது. முகவரியை நம் ஒப்புதலோடு பகிர்வது, முகவரியை ஒரு சேவையாக்குவது என்று அது பேசுகிறது. முகவரி அடையாளங்களுக்குத் தரம் வகுக்கும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் ஏற்கெனவே அரசுக்குக் கொடுத்துவிட்டது. எனவே தரம் வரும். யாருக்காக வரும் என்பதுதான் கேள்வி. வீட்டு முகவரி என்பது சாதாரணத் தகவல் இல்லை. கணவனின் அடியிலிருந்து தப்பி வேறு ஊரில் குடியேறிய பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஒப்புதல் என்ற பெயரில் செயலியில் ஒரு பொத்தானை அமுக்கவைத்து விவரத்தைக் கறந்துகொள்ளும் பழக்கம் இங்கே வேரோடிவிட்டது. யார் எப்போது என் முகவரியைப் பார்த்தார்கள் என்று நான் பார்க்க முடியாத பதிவேட்டை நான் ஏற்கமாட்டேன்.

பதிவேட்டைப் பேணப்போவது யார் என்பதையும் அரசு சொல்ல வேண்டும். நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம அஞ்சல் ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களை முழு அரசு ஊழியராகவே கருதுவதில்லை. ஒரு நாளுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேர வேலை என்று கணக்கிட்டுத்தான் படி கொடுக்கிறார்கள். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பெயர்ப்பலகை பொய், எந்தத் தெருவுக்கு இரண்டு பெயர் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இவர்கள்தான். சம்பளமில்லாத கூடுதல் சுமையாக இந்தச் சரிபார்ப்பையும் அவர்கள் தலையில் வைத்தால் தரவு அரைகுறையாகத்தான் இருக்கும்.

ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். முகவரிப் பதிவேடு பொதுச் சொத்து, அதை எந்த நிறுவனத்துக்கும் விற்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். தெருவின் பழைய பெயரும் புதிய பெயரும், தமிழ் எழுத்திலும் அதில் இருக்கட்டும். சரிபார்க்கும் கிராம அஞ்சல் ஊழியருக்கு அந்த வேலைக்குரிய நேரத்தையும் ஊதியத்தையும் கொடுங்கள். இவற்றை உறுதிசெய்யாமல் துருவாவுக்குச் சட்ட வடிவம் கொடுக்க நீங்கள் கையுயர்த்தக் கூடாது.